சுடுசொல்லும் சிந்தனை ஊற்றும்

கீரிமலைக் கேணியில் நீராடாத யாழ்ப்பாணத்தார் அரியர். மழைநீர் சுண்ணக்கற் பாறைகளினூடே இறங்கி, நிலத்தடியே ஓடிவந்து, உவர்க்கடலின் ஓரத்தில் நன்னீராய்ச் சுரக்கின்றது. பாறையிடுக்குகள் அடைபடின் கேணிக்கு நீரில்லை. மனிதனின் சிந்தனை ஊற்றும் அத்தகையதே. தொழில் புரியுமிடத்தில் அதனை அடைப்பனவற்றுள் தலையாயது மேலதிகாரியின் சுடுசொல் என்பது எமது துணிபு.

அதட்டினாலன்றி வேலை நடவாது என்பார் பலர். அதட்டலாற் கை இயங்கும், கருத்து இயங்காது. அவமதிக்கப்பட்ட ஊழியன் இட்டதைச் செய்வான். புதியதொரு வழி தோன்றினும் வாய் திறவான். இவ்விழப்பு எக்கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை. ஆதலின், அதிகாரி யாவும் செவ்வனே நடைபெறுவதாக எண்ணி மகிழ்வார்.

அதிகாரி பேரறிஞராயின் இத்தீங்கு நேராது என்று கூறுதற்குமில்லை. திரான்சிஸ்டர் ஆராய்ச்சிக்காக 1956ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் வில்லியம் ஷொக்லி. அவர் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுச்சாலை நிறுவித் திறன்மிக்க இளைஞரைத் திரட்டினார். ஆனால் அவர்களை ஐயுற்றார், இழித்துரைத்தார், பொய்யறியும் கருவிச் சோதனைக்கும் உட்படுத்த முனைந்தார். 1957இல் எண்மர் ஒருங்கே விலகினர். அவர்கள் தொடங்கிய பெயார்சைல்ட் நிறுவனத்திலேதான், 1959இல் ரொபேட் நொய்ஸ், சிலிக்கன் தகட்டில் ஒருங்கிணைந்த மின்சுற்றை அமைக்கும் முறையை வகுத்தார். ஷொக்லிக்கு வாய்த்திருக்க வேண்டிய பெருமை பிறிதோரிடம் சேர்ந்தது.

இதற்கு மாறான நிலையைச் சென்னையிற் காண்கின்றோம். 1912இல் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார் இராமானுஜன். அவருக்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் அவரோடு உடனிருந்து கணிதம் ஆராய்ந்தார். தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங் ஆதரவளித்தார். 1914இல் அவ்வெழுதுவினைஞர் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

கண்டிப்பு வேண்டாவென்பது எம் கருத்தன்று. பிழையைக் கண்டித்தல் வேறு. பிழைத்தவனை இழிவுபடுத்தல் வேறு. வள்ளுவரும் வெருவந்த செய்யாமையை ஆள்வோர்க்குரிய அதிகாரமாகவே வைத்தார். நம்மவரிடையே மேலும் ஓர் இடருண்டு. பெரியோர்முன் அடங்கியிருத்தல் நம் மரபு. ஆகவே அச்சத்தால் வந்த மௌனத்தையும் மரியாதையென மயங்குகின்றோம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் தலைமைப் பதவி வகிப்போர் பலர். அன்பர்காள், ஆலோசனைக் கூட்டங்களில் இளையவரை முதலிற் பேசவிடுங்கள். தவறாயினும் முழுவதும் கேட்டபின் திருத்துங்கள். “ஐயா, இது இவ்வாறன்று” என உங்கள் முன்னே சொல்லத் துணியும் ஒருவர் உளராயின், அவரைப் போற்றிக் காத்துக்கொள்ளுங்கள்.