சாவிக்கொத்தின் மகிமை

பஸ் நிலையத்தில் ஒரு பையன் வலிப்பு வந்து விழுந்தான். பத்துப் பேர் சாவிக்கொத்தை நீட்டினார்கள். ஒருவரும் மணி பார்க்கவில்லை. வலிப்பு நின்றதும், "இரும்பின் மகிமை!" என்றார் ஒரு பெரியவர்.

ஐயா, பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். பெருமை மட்டும் சாவிக்கா? 5 நிமிஷம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதற்கென்றே மூக்கில் அடிக்கும் மிடசோலம் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கியதுதான். வீட்டுப் பீரோவில் பூட்டியிருப்பதாகத் தாய் என்னிடம் முணுமுணுத்தாள். வெளியே எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம்!

அவளை நான் குறை சொல்லமாட்டேன். வலிப்புக்காரனுக்குப் பெண் கொடுக்க மறுக்கும் நாம்தான் அந்தப் பீரோவைப் பூட்டினோம். நம் கைச் சாவியால் அதையல்லவா திறந்திருக்க வேண்டும்?