மீட்டவனுக்கு இடமில்லாத உலகம்

'வீடியோ விளையாட்டு' என்ற தொடரைக் கேட்ட மாத்திரத்தே முகஞ்சுளிக்கும் அறிஞர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் முகஞ்சுளித்தற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இரவு முழுதும் திரைமுன் விழித்திருந்துவிட்டுப் பகலிலே வகுப்பறையில் உறங்கும் மாணாக்கனைக் கண்ட ஆசிரியன் வேறென்ன செய்வான்? ஆயினும், ஒரு கலைவடிவத்தின் தகுதியை அதனைத் துய்ப்போருள் உறங்கி விழுவாரைக் கொண்டு அளத்தல் முறையன்று. மூன்றாந்தர நாவல்கள் மலிந்துள்ளமை பற்றி நாவல் என்னும் இலக்கிய வகையையே நாம் தள்ளிவிடவில்லை. திரைப்படத்தையும் ஒருகாலத்தில் இப்படித்தான் வாயிலில் நிறுத்திவைத்தோம்.

பொதுப்படப் பேசுதலாற் பயனில்லை. ஒரு நூலைக் கையிலெடுத்துக்கொண்டு பேசுவதே திறனாய்வு. ஆதலின் ஒரு விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே யப்பான் நாட்டில் 'தெஞ்சி சோசோ' என்ற பெயருடன் ஒன்று வெளிவந்தது. விண்ணும் மண்ணும் படைத்தல் என்பது அப்பெயரின் பொருள். செய்தோர் குவின்டெற் என்னும் நிறுவனத்தார். வெளியிட்டோர் எனிக்ஸ் நிறுவனத்தார். 1996 ஆம் ஆண்டின் இறுதியில் அது 'டெரானிக்மா' என்னும் பெயர் பூண்டு ஐரோப்பாவிலே விற்பனைக்கு வந்தது. யப்பானியப் பெயரிலிருந்த எளிமை இப்புதுப்பெயரில் இல்லை என்பது எம் கருத்து, அது நிற்க.

மாயக்கற்பனையும் படைக்கலச் சண்டையும் கலந்த விளையாட்டுக்கள் அப்பத்தாண்டிலே மிகப் பல தோன்றின. அவற்றுட் பெரும்பாலனவற்றின் கதையை ஒரே தொடரில் அடக்கிவிடலாம்: வீரன் புறப்படுகிறான், அரக்கரைக் கொல்கிறான், பொன் சேர்க்கிறான், அரக்கர்கோனையும் கொல்கிறான். அவன் கடந்துவந்த உலகமோ முன்னிருந்தபடியே இருக்கிறது. குவின்டெற்றார் இவ்வழியிற் செல்லவில்லை. 1990 இல் அவர்கள் ஆக்கிய 'அக்ட்ரெய்சர்' என்பதிலே ஆடுவோன் கடவுளாகிறான். ஒரு பாதியில் வாளேந்திப் போர் செய்வான். மறுபாதியில் மழை பெய்வித்தும் வெயில் காய்வித்தும் மக்கட்கு ஊர் அமைத்துக் கொடுப்பான். ஊர்கள் செழித்தபின் நிகழ்வது யாது? அச்சமும் குறையும் நீங்கிய மக்கள் கடவுளை மறந்துவிடுகின்றனர். கோயில்கள் வெறிதே கிடக்கின்றன. 1992 இல் வந்த 'சோல் பிளேசர்' என்பதிலே ஓர் அரக்கர் வளையை அடைத்தால் அதனுட் சிறைப்பட்ட ஓருயிர் விடுதலை பெறும். ஓர் ஆடு வரும். ஒரு பூஞ்செடி வரும். ஒரு கிழவன் வருவான். வெறுநிலமாய்க் கிடந்த இடம் கண்முன்னே ஊராகும். ஆட்டோடும் செடியோடும் வீரன் நின்று பேசுவான்.

1993 இல் வெளிவந்த மூன்றாவது, 'இலூஷன் ஒவ் கையா' என்பது. இதன் கதையாக்கத்திலே மரிகோ ஒஹாரா என்னும் நாவலாசிரியையும், பாத்திரங்களின் உருவமைப்பிலே மோட்டோ ஹாகியோ என்னும் புகழ்பெற்ற சித்திரக்கதை ஆசிரியையும் பங்குகொண்டனர். இதிலே, பசியால் மடியும் ஒரு குடியினரின் பொருட்டு ஒரு பன்றி தானே நெருப்பிற் பாய்ந்து உணவாகும் இடம் ஒன்றுண்டு. புத்த சாதகக் கதைகளுள் முயல் தீயிற் பாயும் கதையை அறிந்தோர்க்கு அவ்விடம் புதியதன்று. ஆனால் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த சிறுவனின் கை அங்கே ஒருகணம் நின்றிருக்கும்.

இனி டெரானிக்மாவுக்கு வருவோம். கீழுலகிலே கிறிஸ்டா என்னும் சிற்றூரில் ஆர்க் என்னும் குறும்புக்காரச் சிறுவன் வாழ்கிறான். திறக்கலாகாது என விலக்கப்பட்ட கதவின் பின்னிருந்த பெட்டியை அவன் திறக்க, ஊர்ப்பெரியவன் ஒழிந்த ஊரார் அனைவரும் உறைந்துபோகின்றனர். அவர்களை மீட்கும்பொருட்டு ஐந்து கோபுரங்களிற் புகுந்து போராடுகிறான். அவன் வெல்ல வெல்ல, மேலே அழிந்துகிடக்கும் நம் பூவுலகின் கண்டங்கள் மீண்டும் எழுகின்றன. பின்னர் அவனே மேலேறி வந்து முதலிற் செடிகொடிகளையும், அடுத்துப் பறவைகளையும், அதன்பின் விலங்குகளையும், இறுதியில் மாந்தரையும் உயிர்ப்பிக்கிறான். கையில் ஈட்டியுண்டு, ஓடிக் குத்துதல், பாய்ந்து குத்துதல் எனச் சண்டை நுட்பங்களும் பல உண்டு. ஆயின் சண்டை இங்கே கருவியேயன்றிப் பயன் அன்று.

இவ்வரிசைமுறையிலேதான் ஆசிரியரின் திறம் இருக்கிறது. செடியை உயிர்ப்பித்தவனுக்குச் செடியின் பேச்சு விளங்குகிறது. பறவையும் சிங்கக்குட்டியும் அவனோடு நட்பாடுகின்றன. பனிமலையிலே துணையை இழந்த ஒரு பெண்ணாடு, உயிர்பிழைத்தற்பொருட்டு அத்துணையின் ஊனையே உண்ண நேரும் காட்சி ஒன்று வருகிறது. அக்கொடுமையை அறவுரை எதுவுமின்றிச் சொல்லிச் செல்கின்றனர். இவற்றுக்கெல்லாம் பின் மாந்தர் தோன்றுகின்றனர். தோன்றிய அக்கணம் முதல் விலங்கின் மொழி ஆர்க்கின் செவிக்கு விளங்காமற் போகிறது. நேற்றுவரை தோழனாயிருந்த விலங்கு இன்று எதிர்ப்பட்டு ஒலியெழுப்ப, அது வெறும் ஒலியாகவே முடிகிறது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நம் இலக்கணநூலார் வகுத்த நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. எய்திய பேற்றினுள்ளேயே இழவை வைத்துக் காட்டுதல் எளிய புலமையன்று. ஒரு நாவலாசிரியன் இதனைச் சொல்லலாம். நாம் படித்து இரங்கலாம். இங்கோ மாந்தரை உயிர்ப்பித்தவர் ஆடுவோராகிய நாமே. ஆதலின் இழப்பிலும் நம் கைக்குப் பங்குண்டு. இது இவ்வடிவம் ஒன்றற்கே உரிய வலிமை.

முடிவு இன்னுங் கடியது. தன்னை ஏவிய ஊர்ப்பெரியவனே இருளின் தலைவன் என்பதை ஆர்க் அறிகிறான். அவனை வென்றால் கீழுலகு மறையும். கீழுலகினனாகிய தானும் மறைவான். அறிந்தே வெல்கிறான். தன்னூரிலே இறுதியாக ஓரிரவு உறங்கி, பறவையாகி உலகின்மேற் பறப்பதாகக் கனவு காண்கிறான். பின்னர் மேலுலகில் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவு தட்டப்படும் ஓசை கேட்கிறது. தட்டியவர் யாவர் என்பது காட்டப்படவில்லை. முடிவை உடைத்துவிட்டீரே என்று இளைஞர் எம்மைச் சினக்கலாம். இராமன் முடிசூடுவான் என்பதை அறிந்தபின்னருமன்றோ கம்பனைப் படிக்கிறோம்!

குறைகளும் உள. மந்திரங்களுக்கென அமைத்த பகுதி பெரும்பாலும் பயனற்றுக் கிடக்கிறது. பிற்பகுதியிலே அடுத்து எங்கே செல்வது என்பது பலவிடத்தும் விளங்குவதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு சிலவிடங்களில் விறைத்து நிற்கிறது.

இத்தகைய ஒன்று ஏன் மறக்கப்பட்டது? தரக்குறைவால் அன்று. எனிக்ஸ் நிறுவனம் தன் அமெரிக்கக் கிளையை 1995 இல் மூடிவிட்டது. அதனால் ஆங்கில வடிவம் இருந்தும் அமெரிக்கக் கடைகளுக்கு இது போகவேயில்லை. ஐரோப்பாவிலோ ஆங்கிலத்தோடு ஜேர்மன், பிரெஞ்சு, இசுப்பானிய மொழிகளிலும் வந்தது. ஆனால் வந்த வேளையில் சூப்பர் நின்டெண்டோவின் காலம் முடிந்துகொண்டிருந்தது, சிறுவர் கண்களெல்லாம் பிளேஸ்டேஷன்மேல் இருந்தன. யாம் இதனை அறிந்ததும் ஜேர்மனி வழியாகவே. அகதியாய்ச் சென்று அங்கே வளர்ந்த எம் தமக்கையார் மகன் ஒரு விடுமுறைக்கு வந்தபோது, தன் பள்ளிப்பருவத்துக் கசற்றையும் பெட்டியையும் கொண்டுவந்தான். ஜேர்மன் மொழியைத் தான் செவ்வையாகக் கற்றது வகுப்பிலன்று, இதிலேதான் என்றான். அவன் பக்கத்திலிருந்து வரிவரியாய்த் தமிழாக்கிச் சொல்ல, யாம் விசைகளோடு மல்லாடினோம்.

எம் முறையீடு இனித்தான் வருகிறது. எனிக்ஸ் 2003 இல் ஸ்குவெயர் நிறுவனத்தோடு இணைந்தது. அக்கூட்டு நிறுவனத்தார் 2021 இல் அக்ட்ரெய்சருக்குப் புதுவடிவம் தந்தனர். டெரானிக்மாவுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. இது ஒன்றன் கதையுமன்று. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளியான விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 கடைவழியாகப் பெறமுடியாத நிலையில் உள்ளன என, வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை என்னும் அமைப்பு 2023 இல் ஆய்ந்து கூறியது. நூலகங்கள் அவற்றை ஆராய்ச்சியாளர்க்குத் தொலைவழியே காட்டுதற்கு விடுத்த வேண்டுகோளை, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்தது. தானும் விற்பதில்லை, பிறரும் காட்டலாகாது என்பது என்ன உரிமையோ, எமக்கு விளங்கவில்லை. பெட்டிக்குள் ஏட்டைப் பூட்டிவைத்துச் செல்லுக்கு இரையாக்கியோரைக் குறைகூறி வளர்ந்த நாம், இச்செயலையும் அதே சொற்களாற் குறைகூறுதல் தகும். உரிமையாளர் தாமே மறுபதிப்புச் செய்க. இயலாதாயின் நூலகங்களுக்கேனும் இசைவு தருக.

செல்லின் வேலையை இங்கே மின்கலம் செய்கிறது. ஆடியவன் எதுவரை வந்தான் என்பதைக் காக்க அக்கசற்றினுள்ளே நாணயம்போன்ற சிறு மின்கலம் ஒன்றை வைத்திருக்கின்றனர். ஆண்டுகள் பல கழிய அதன் வலு தீர்ந்துவிடும். எம் தமக்கையார் மகன் பதினான்கு வயதிற் கட்டி எழுப்பிய நகரங்கள் அப்பெட்டியில் இப்பொழுது இல்லை. புதிய மின்கலம் பொருத்துவித்து, கிறிஸ்டாவிலிருந்து மறுபடியும் தொடங்கினோம்.