வைனும் கிளினிக் கொப்பியும்



"வைன் இதயத்துக்கு நல்லதாமே, ஒருக்கால் எழுதுங்களேன்" என்று சொறிக்கல்முனை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் குளிசை எடுப்பவர். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒரு போத்தலைக் கொடுத்து, "மாமா, இது மருந்து மாதிரி" என்றாராம். மருமகனின் அன்பில் குறையில்லை. மருந்து என்றதில்தான் வில்லங்கம்.

பிரான்ஸ்காரர் வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சாப்பிட்டும் மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு வைனாக இருக்கலாம் என்று 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று காட்டியது. அடுத்த ஆண்டு செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார். கதை உலகம் சுற்றியது. பிறகு திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரோல் என்ற பொருளுக்கு மவுசு வந்தது. ஒரு லீற்றர் வைனில் அது இருப்பதோ சில மில்லிகிராம்தான். அதை ஆராய்ந்து பேரெடுத்த கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் தீபக் தாஸ் 145 இடங்களில் தரவுகளைத் திரித்திருந்தார் என்று 2012இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது!

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. பழைய ஆய்வுகள் பலவற்றில் 'குடிக்காதவர்' என்று கணக்கெடுக்கப்பட்டவர்களுக்குள், வருத்தம் வந்து டொக்டர் மறித்ததால் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். அளவாகக் குடித்தவர்களோ பெரும்பாலும் வசதியும் நல்ல சாப்பாடும் உள்ளவர்கள். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் வைன் நல்லதாகத்தானே தெரியும்? சீனாவில் சுமார் ஐந்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், மரபணுவை வைத்துப் பார்த்தபோது, அளவான குடி பக்கவாதத்தைத் தடுக்கவில்லை என்று 2019இல் தெரிந்தது. மது புற்றுநோய்க் காரணி என்பது 1988இலேயே பதிவானது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

நம் பக்கத்துக்கு இது புதுக் கதையல்ல. வயிற்றுக்காகக் கொஞ்சம் வைன் எடு என்று விவிலியத்தில் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதைக் கோவிலில் கேட்டு வளர்ந்தவர்கள் சொறிக்கல்முனைக் கத்தோலிக்கர். மதுவில் பயனும் உண்டு, பாவம் அதைவிடப் பெரிது என்ற குர்ஆன் வசனத்தை அறிந்தவர்கள் கல்முனை முஸ்லிம்கள். பூசைக் கிண்ணத்து வைன் வழிபாட்டுக்குரியது, அதில் எனக்குப் பேச்சில்லை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி மடத்தார் வைனும் செய்கிறார்கள், நெல்லி ரசமும் செய்கிறார்கள். எனக்குப் பிடித்தது நெல்லி ரசம். ஆனால் அதிலும் சீனி உண்டு, கவனம்.

கேட்ட ஐயாவுக்கு ஒரு சொல்: சீனிக் குளிசை சிலவற்றோடு மது சேர்ந்தால், அதுவும் வெறும் வயிற்றில், சீனி மட்டம் ஆபத்தாக இறங்கலாம். மயங்கி விழுந்தால் குடிவெறி என்று நினைத்து வீட்டார் படுக்கவிட்டுவிடுவார்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, கொப்பியை நீட்டும் கையோடு அந்தப் போத்தல் விஷயத்தையும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை திறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்