பேரனின் விசாவும் தாத்தாவின் சதாபிஷேகமும்

கார்த்திகை, மார்கழி நெருங்கினால் கோயில் பிராகாரத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். "பேரன் லண்டனில் சர்வதேச வணிகத்தில் முதுகலை முடித்துவிட்டான். தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு அழைத்தால், இப்போது வர இயலாது என்கிறான்." பாசம் வற்றிவிட்டதோ என்னும் அச்சம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

பிரிட்டன் விதியைச் சற்று அறிவது நலம். அங்கே முதுகலை பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. செப்டம்பரில் ஆய்வேட்டை அளித்தாலும் தேர்ச்சி முடிவு வரச் சில மாதங்களாகும். படிப்பு நிறைவுற்றதைப் பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவித்த பின்னரே, பட்டதாரிகளுக்கான விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் விசா முடியுமுன், அந்நாட்டில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வருமுன் தாயகம் புறப்பட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். அவன் இழப்பது இரண்டாண்டு வேலை அனுமதி. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அதுவும் 18 மாதங்களே.

அந்த விசாவை நீட்டிக்க வழியில்லை. அதற்குள், அயல்நாட்டவரைப் பணியமர்த்த உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று, அரசு வகுத்த ஊதியத்துடன் அவனை ஏற்க வேண்டும். வணிகம் கற்றோருக்கு இது எளிதன்று. வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பெற்ற கல்விக்கடன் இருந்தால், பிள்ளையின் நெஞ்சில் அதுவும் கனக்கும்.

பெரியபுராணத்தில் பரமதத்தன் வணிகத்தின் பொருட்டு மரக்கலம் ஏறினான். மீண்டு வந்தவன் காரைக்காலுக்குத் திரும்பாமல் பாண்டிநாட்டு நகரொன்றில் தங்கி, வேறு மணமும் புரிந்தான். பிறர் சொல்லித்தான் சுற்றத்தார் அதை அறிந்தனர். கடலின் தூரத்தைக் காட்டிலும் அந்த மௌனமே புனிதவதியாரின் சுற்றத்தை வருத்தியது என்று எனக்குத் தோன்றும். நம் பிள்ளைகளும் பெரும்பாலும் வெட்கத்தால் மௌனமாகிறார்கள். ஆகவே "எப்போது வருவாய்?" என்று தொலைபேசியில் துளைப்பதை விடுத்து, "விண்ணப்பித்தாயா? அந்த நிறுவனத்துக்கு உரிமம் உண்டா? தவணைக்கு என்ன செய்கிறாய்?" என்று கேளுங்கள். வேலை அமையாவிட்டால் தயங்காமல் வீடு திரும்பலாம் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

சதாபிஷேகத்துக்கு நாள் குறிக்குமுன் பேரனையும் ஒரு வார்த்தை கேளுங்கள். விசா முடிவுக்குப் பின் வரும் நல்ல நாளைப் பார்த்துத் தரும்படி குடும்ப வாத்தியாரிடம் கேட்பதில் குறையொன்றும் இல்லை. நாளை மாற்ற இயலாவிடில், அன்று காலை ஹைகேட் முருகன் கோயிலுக்கோ விம்பிள்டன் கணபதி கோயிலுக்கோ சென்று, தாத்தாவின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யச் சொல்லுங்கள். தாத்தாவின் நட்சத்திரத்தைப் பேரன் அறிவானா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.