ஜெர்மனியில் வளரும் தமிழ்க் குழந்தை: வீட்டில் எந்த மொழி பேசுவது?

திறன்மிகு இந்தியப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்று இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்தப் போவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. சென்னையிலும் கோவையிலும் ஐடி, ஆட்டோமொபைல் வேலைகளில் இருக்கும் பலருக்கு அது நல்ல செய்தி. போகிறவர்களில் நிறைய பேர் இருபதுகளின் கடைசியிலோ முப்பதுகளின் தொடக்கத்திலோ இருப்பவர்கள். கையில் ஒரு குழந்தை இருக்கும், இல்லையென்றால் போன இடத்தில் பிறக்கும்.

கிளம்புவதற்கு முன் நூறு கேள்விகள் கேட்பார்கள். வாடகை எவ்வளவு, டேக்ஸ் கிளாஸ் எது, இண்டியன் ஸ்டோர் பக்கத்துல இருக்கா, தோசை மாவு கிடைக்குமா? "குழந்தைகிட்ட நாம எந்த மொழியில பேசப் போறோம்?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். சாப்பாடு, உடை, பண்டிகை, கோயில் என்று மற்ற எதைத் தவறவிட்டாலும் பிறகு பிடித்துக்கொள்ளலாம். மொழி அப்படிக் காத்திருக்காது.

கீட்டாவில் என்ன நடக்கிறது?

ஜெர்மனியில் சின்னக் குழந்தைகளின் பகல்நேரக் காப்பகத்துக்கு கீட்டா என்று பெயர். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு அப்படியொரு பராமரிப்பு இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் 1 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. உரிமை இருந்தாலும் பெருநகரங்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதிந்துவைக்கும் பெற்றோர் உண்டு.

இடம் கிடைத்ததும் தொடங்குவது அடுத்த ஆச்சரியம். முதல் நாளே குழந்தையை கேட்டில் விட்டுவிட்டு ஓடிவர முடியாது. அம்மாவோ அப்பாவோ சில வாரங்கள் கூடவே போய் உட்கார வேண்டும். முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி நேரம் என்று பிரியும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஒரு வயதுப் பிள்ளை தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிடும், பாதியைச் சிந்தும். மழை பெய்தாலும் சேற்றுக்கென்றே தைத்த ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே விளையாடும். கழுத்தில் கயிறு, செயின் வேண்டாம் என்பார்கள். ஏறி விளையாடும்போது எதிலாவது மாட்டி இறுக்கிவிடும் என்ற பயம்தான் காரணம்.

மாலையில் கூட்டிவரப் போகும் தமிழ்ப் பெற்றோரின் முதல் கேள்வி, "சாப்பிட்டானா?" ஆசிரியர் சொல்ல விரும்புவதோ அவன் இன்று யாரோடு விளையாடினான் என்பதை. இரண்டு பக்கமும் அக்கறைதான், அது காட்டப்படும் விதம் வேறு. ஜெர்மன் வீடுகளில் ஏழு, ஏழரைக்குக் குழந்தைகள் தூங்கப் போய்விடுவார்கள். நம் வீடுகளில் அப்போதுதான் இட்லி வேகும்.

இதில் ஒரு விஷயம் மட்டும் பேரத்துக்கு உட்பட்டதல்ல. வன்முறையற்ற வளர்ப்பு குழந்தையின் உரிமை என்று ஜெர்மன் சிவில் சட்டம் 2000-ல் எழுதிவைத்துவிட்டது. "ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வருவான்" என்பது அங்கே சட்டத்துக்கு எதிரானது. ஊர் திரும்பும்போதும் பெட்டியில் போட்டு எடுத்துவர வேண்டிய பழக்கம் இது.

கலாசார மோதல் யாருக்கு?

மற்ற உரசல்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான். கீட்டாவில் ஸ்பூன், வீட்டில் கை என்று குழந்தை சில வாரங்களில் பழகிவிடும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளை ஒட்டி, தானே ஒட்டிச் செய்த காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போகும். கொஞ்ச நாளில் வீட்டில் கார்த்திகை விளக்கு. டிசம்பர் 6 காலையில் புனித நிக்கோலஸ் பூட்ஸுக்குள் வைத்துவிட்டுப் போன சாக்லேட், ஜனவரியில் பொங்கல். "இதுல எது நம்மது?" என்று மூன்று வயதுக் குழந்தை கேட்பதில்லை. எல்லாமே அதனுடையதுதான்.

அதனால், "ரெண்டு கலாசாரத்துக்கு நடுவுல குழந்தை குழம்பிடுமோ" என்ற கவலையை ஓரளவு இறக்கிவைக்கலாம். அந்தக் கவலையை வைக்க வேண்டிய இடம் வேறு.

மொழி ஏன் காத்திருக்காது?

1984-ல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வயதை நெருங்கியபோது பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. தினமும் கேட்காத ஒலிகளுக்கு மூளை செலவழிக்கும் கவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. தமிழிலும் இதே 'த', 'ட' உண்டு. அதற்கு மேல் ல, ள, ழ வேறு.

ஒரு வயதோடு கதவு மூடிவிடும் என்று அர்த்தமில்லை. நாற்பது வயதில் ஜப்பானிய மொழி கற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒலியை விடவும் சீக்கிரம் இறுகிப்போவது பழக்கம். அப்பாவும் பிள்ளையும் எந்த மொழியில் சிரித்து, சண்டை போட்டு, சமாதானம் ஆகிறார்களோ அதுவே அவர்கள் உறவின் மொழியாகிவிடும். ஐந்து வயதில் திடீரென்று "இனிமே நாம தமிழ்ல பேசலாம்" என்றால், எதிரில் நிற்பது தன் அப்பாதானா என்ற சந்தேகமே பிள்ளைக்கு வந்துவிடும்.

ஜெர்மன் பின்தங்கிவிடாதா?

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஹாம்பர்க் நகரில் நாலரை வயதிலேயே குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து மொழி உள்ளிட்ட வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். ஜெர்மன் போதவில்லை என்றால் சிறப்புப் பயிற்சி கட்டாயம். பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. பத்து வயதில் குழந்தை எந்த வகைப் பள்ளிக்குப் போவது என்ற பரிந்துரை கைக்கு வந்துவிடும். ஜெர்மன் பலவீனமாக இருந்தால் அந்த இடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த ஜெர்மனைத் தரும் வேலை கீட்டாவுடையது. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் ஜெர்மன் பேசும் பிள்ளைகளோடு இருக்கும் குழந்தைக்கு, பி1 தேர்வை இப்போதுதான் தாண்டிய அப்பாவின் ஜெர்மன் பெரிதாக எதையும் சேர்க்காது. நாலு வயதில் அதுவே அப்பாவின் இலக்கணத்தைத் திருத்தும்.

இதற்கு நிபந்தனைகளும் உண்டு. மூன்று வயது வரை குழந்தை வீட்டிலேயே இருந்தால் ஜெர்மன் தாமதமாகத்தான் வரும். வீட்டில் தமிழ் என்று முடிவெடுப்பவர்கள் கீட்டா இடத்துக்கும் அலைய வேண்டும். பூங்கா, நூலகத்தின் கதை நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஜெர்மனுக்கு வழி திறந்துவிட வேண்டும். இரண்டு வயதை ஒட்டி நடக்கும் வழக்கமான மருத்துவப் பரிசோதனையில், குழந்தை எந்த மொழியிலும் பேசத் தொடங்கவில்லை என்று தெரிந்தால், "ரெண்டு மொழி இருக்கில்ல, அதான்" என்று தள்ளிப்போடக் கூடாது. இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்காது. குறை இருந்தால் காரணம் வேறு, அதற்குச் சீக்கிரம் உதவி தேவை.

1,899 குடும்பங்கள் சொன்னது

பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில், பெற்றோரில் ஒருவராவது வேறு மொழியும் பேசும் 1,899 குடும்பங்களிடம் மொழியியலாளர் அன்னிக் டி ஹவ்வர் தகவல் திரட்டி 2007-ல் வெளியிட்டார். பிள்ளைகளுக்கு ஆறு முதல் ஒன்பது வயது. அவர்கள் எல்லோருமே டச்சு பேசினார்கள். வீட்டு மொழிதான் எல்லோரிடமும் தங்கவில்லை. நாட்டு மொழி எப்படியும் வந்துவிடுகிறது, நழுவுவது வீட்டு மொழி.

எங்கே தங்கியது? பெற்றோர் இருவரும் வீட்டு மொழியையே பேசிய குடும்பங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பிள்ளைகளும் பேசினர். "அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி" என்று பிரித்துக்கொள்ளும் முறையைப் பல பெற்றோர் சிபாரிசு செய்கிறார்கள். அந்த வீடுகளில் சுமார் நான்கில் மூன்றில்தான் வீட்டு மொழி பிழைத்தது.

உண்மையான போட்டி எது?

இங்கிருந்து போகும் பல குடும்பங்களில் தமிழின் இடத்தைப் பிடிப்பது ஜெர்மன் அல்ல, பெற்றோரே கொண்டுபோகும் ஆங்கிலம். "பேபி, கம் ஹியர். டோன்ட் டச் தட். குட் கேர்ள்!" இது கீட்டாவின் மொழியும் இல்லை, தாத்தா பாட்டியின் மொழியும் இல்லை. மூன்று மொழிகளில் எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால், வீட்டில் விட வேண்டியது ஆங்கிலத்தைத்தான். பெரும்பாலான ஜெர்மன் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலாவது ஆங்கிலம் தொடங்கிவிடும். மிச்சத்தை யூடியூப் பார்த்துக்கொள்ளும்.

தூய தமிழ் பேச வேண்டும் என்பதல்ல இதற்கு அர்த்தம். "ஷூ போட்டுக்கோ, ஜாக்கெட் எங்க, பஸ் போயிடும்" என்பது முழுத் தமிழ் வாக்கியம்தான். சொல் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை, வினையும் வாக்கியமும் தமிழாக இருந்தால் போதும்.

"ரெண்டு மூணு வருஷத்துல திரும்பிடுவோம்" என்பவர்களுக்கும் இது பொருந்தும், இன்னும் கூடுதலாகவே. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். மூன்றாம் வகுப்பில் வந்து சேரும் குழந்தை பேசவாவது தெரிந்துகொண்டு வருவதும், 'அ'விலிருந்து தொடங்குவதும் ஒன்றல்ல.

முன்பே போனவர்கள்

ஜெர்மனியில் தமிழ்க் குழந்தை வளர்ப்பு ஐடி விசாவோடு தொடங்கியதல்ல. 1983 வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் அங்கே இரண்டாம், மூன்றாம் தலைமுறையைப் பார்த்துவிட்டார்கள். ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயிலும், பல நகரங்களில் நடக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் அவர்கள் கட்டியவை. புதிதாகப் போகும் குடும்பங்கள் இந்தப் பள்ளிகளைத் தேடிப் போவது நல்லது. ஆனால் வகுப்பு வாரத்தில் சில மணி நேரம்தான். வீட்டில் பேசும் பிள்ளைக்கு அது எழுத்தைத் தரும். பேசாத பிள்ளைக்கு இன்னொரு ஹோம்வொர்க்காக மட்டுமே இருக்கும்.

தாய்மொழி, தாயின் வேலை மட்டுமா?

நடைமுறையில் இந்தப் பொறுப்பு முழுக்க அம்மாவின் தலையில் விழுகிறது. பல வீடுகளில் அவர் டிபெண்டன்ட் விசாவில் போனவர். அவருக்கே ஜெர்மன் கற்க வேண்டும், வேலை தேட வேண்டும். கூடவே, "பையன் தமிழ் பேச மாட்டேங்கிறான், நீ என்ன பண்ற?" என்று ஊரிலிருந்து கேள்வியும் அவருக்குத்தான் வரும்.

ஜெர்மனியின் பெற்றோர் உதவித்தொகை ஒருவர் மட்டும் விடுப்பு எடுத்தால் 12 மாதங்கள் வரையிலும், இருவரும் பகிர்ந்துகொண்டால் 14 மாதங்கள் வரையிலும் கிடைக்கும். அந்தக் கூடுதல் இரண்டு மாதங்களை அப்பாக்கள் கேட்டு வாங்க வேண்டும். குளிப்பாட்டும்போது, காய் நறுக்கும்போது, டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது பேசும் பேச்சுதான் மொழியாகிறது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அதை ஈடுகட்ட முடியாது.

பிள்ளை ஜெர்மனில் பதில் சொன்னால் திட்டாமல், தமிழிலேயே பேச்சைத் தொடரலாம். வீடியோ காலில் "பாட்டிக்கு ஹாய் சொல்லு" என்பதோடு நிறுத்தாமல், பாட்டியைத் தினம் ஒரு கதை சொல்லச் சொல்லலாம். ஊருக்கு வரும்போது, "என்னடா இது, வெள்ளைக்காரன் மாதிரி பேசற?" என்று சிரிக்கும் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஒரு கிண்டல் போதும், அந்த லீவு முழுக்கப் பிள்ளை வாயைத் திறக்காது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். தமிழ் அழியாமல் காக்கும் பொறுப்பை மூன்று வயதுக் குழந்தையின் தோளில் யாரும் ஏற்ற வேண்டியதில்லை. இதில் பணயமாக இருப்பது அந்த வீடு. பதினாலு வயதில் பள்ளியில் ஏதோ நடந்து அழுதபடி வரும் மகளுக்கு முழுதாகப் பேச ஜெர்மன் வரும். அப்பாவின் ஜெர்மன் ஆபீஸ் மீட்டிங்கோடு முடிந்துவிடும். மகளின் தமிழ் மூன்று வயதில் நின்றுபோயிருக்கும். நடுவில் இருக்கும் ஆங்கிலம் இருவருக்கும் படித்து வந்த மொழி. அந்த நாளில் இருவரும் முழுதாகப் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டுமென்றால், அதற்கான முடிவைக் குழந்தை கீட்டாவுக்குப் போகும் முன்பே எடுத்தாக வேண்டும்.