உரம் ஒருவருக்கு, கட்டணம் இன்னொருவருக்கு

2025 ஜூன் மாதம், அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகரான டி மொயினிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுப் புல்வெளிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தடை விதிக்கப்பட்டது. வறட்சி காரணமல்ல. ஆற்றில் நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் கலந்திருந்த நைட்ரேட்டை நீக்கி, சுமார் 600,000 பேருக்கு வேண்டிய நீரைத் தரும் வேகம்தான் போதவில்லை.

நைட்ரேட் பயிருக்கு உணவு, கீரையிலும் உண்டு. ஆனால், அது மிகுந்த நீரில் பச்சிளங்குழந்தைக்குப் பால்மாவு கலக்கிக் கொடுத்தால், வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். உடல் நீலம் பாரிக்கும். கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1945இல் எடுத்துக்காட்டியவர் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர். அவர் பார்த்த குழந்தைகளும் அயோவாவைச் சேர்ந்தவர்கள்தான்! லிட்டருக்கு 10 மில்லிகிராம் (நைட்ரஜன் கணக்கில்) என்ற அமெரிக்க வரம்பு இந்நோயைத் தடுக்கவே வந்தது. காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நாம் நினைப்போம். காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும். நைட்ரேட் தங்கி, செறிவு கூடும்.

டி மொயினுக்கு நீர் தரும் ரக்கூன் ஆற்றின் மேற்பகுதி எங்கும் மக்காச்சோளமும் சோயாவும். நீர் தேங்கும் நிலம் என்பதால் மண்ணுக்கடியில் வடிகால் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். மழை பெய்ததும், பயிர் எடுத்துக்கொள்ளாத உரமும் பன்றிப் பண்ணைக் கழிவின் நைட்ரஜனும் நைட்ரேட்டாகக் கரைந்து, அந்தக் குழாய்கள் வழியே ஆற்றைச் சேர்கின்றன.

ஆலைக் குழாயிலிருந்து கழிவு வந்தால் அமெரிக்கச் சட்டப்படி உரிமம் வேண்டும். வயலிலிருந்து வடியும் மழைநீருக்கோ விலக்கு. குழாய் எங்கிருந்தாலும் குழாய்தானே என்று கேட்டு, டி மொயின் நீர் நிறுவனம் 2015இல் மேல்பகுதி மாவட்டங்களின் வடிகால் வாரியங்கள்மீது வழக்குத் தொடுத்தது. 2017இல் வழக்கு தள்ளுபடி. வாரியங்களுக்கு அதைச் சரிசெய்யும் அதிகாரமே இல்லை என்று சொன்ன நீதிமன்றம், அந்த முக்கியக் கேள்விக்குள் போகவே இல்லை. எனக்கு இது நழுவலாகவே படுகிறது.

விவசாயியை வில்லனாக்க வேண்டியதில்லை. விளைச்சல் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் அவர் ஒரு பிடி உரம் கூடுதலாகப் போடுகிறார். வழியும் தெரிந்ததுதான்: அறுவடைக்குப் பின் மண்ணை வெறுமையாக விடாமல் மூடுபயிர் வளர்ப்பது, வடிகால் முனையில் சிறு ஈரநிலம் அமைப்பது. அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அயோவா 2013இல் வகுத்த திட்டத்தில் இவை எல்லாமே உண்டு. ஆனால் விரும்பியவர் செய்தால் போதும். மாநில அரசு குறைந்தபட்சம் வடிகால் குழாய்களின் முனையிலாவது நைட்ரேட்டை அளந்து, வயல்வாரியாக வெளியிட வேண்டும். இப்போது அளவு பார்ப்பதும் சுத்திகரிப்பதும் பணம் கட்டுவதும் கீழே குடியிருப்பவர்கள்தான்.