ஒருவன் அடிக்க, ஊரே வேடிக்கை பார்ப்பதா?

தென்னூர் உழவர் சந்தை மைதானத்தில் கூட்டம் முடிந்து நாம் புறப்படுகிற வேளை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர் நம்மை நிறுத்தினார். பகலில் மூட்டை சுமக்கிறவர். மாலையில் சிலம்பம் பழகுகிறவர்.

"அண்ணே, கல்கி படத்திலே வர்ற மாதிரி ஒருத்தன் வந்து நாலு போடு போட்டாத்தான் இந்த அக்கிரமமெல்லாம் தீரும். கூட்டம் போட்டுப் பேசி என்ன ஆகப்போகுது?" என்றார்.

அன்றைக்கு நாம் சரியான பதில் சொல்லவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரம். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறோம்.

2024 ஜூன் 27 அன்று வெளியான படம் 'கல்கி 2898 கி.பி.' தெலுங்கில் எடுத்து, தமிழிலும் பேசவைத்து, நம் ஊர்க் கொட்டகைகளில் ஓட்டினார்கள். செலவு சுமார் 600 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. கதை என்ன? உலகம் பாழாய்ப் போய்விட்டது. காசி ஒன்றுதான் மிஞ்சிய நகரம். கீழே ஜனங்கள் குடிநீருக்கும் கஞ்சிக்கும் அல்லாடுகிறார்கள். மேலே வானத்தில் தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம் போல ஒரு மாளிகை தொங்குகிறது, பெயர் 'காம்ப்ளெக்ஸ்'. தண்ணீர், மரம், பழம் எல்லாம் அங்கே. உள்ளே நுழைய வேண்டுமானால் பத்து லட்சம் 'யூனிட்' கட்ட வேண்டும். அதன் அதிபதி யாஸ்கின் கர்ப்பிணிப் பெண்களின் கருவிலிருந்து சாறு எடுத்துத் தன் ஆயுளை நீட்டிக்கொள்ளப் பார்க்கிறான்.

இதுவரை சரிதான்! கோபுரத்தில் நீச்சல்குளமும் குடிசையில் காலிக் குடமும் இருக்கிற சங்கதி நமக்குப் புதிதா? அதைப் படமாக வரைந்து காட்டியதற்காக நாம் யாரையும் ஏசவில்லை. யாஸ்கினைப் பார்த்தபோது பிள்ளைக்காரப் பெண்களை நாற்று நட இறக்கிய மிராசுதார்கள் பலருக்கு நினைவு வந்திருக்கும்.

ஆனால் அந்த மாளிகையை எதிர்ப்பது யார்? அங்கேதான் பித்தலாட்டம் ஆரம்பமாகிறது.

கதாநாயகன் பைரவன் கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். யூனிட் சேர்த்து, தானும் மாளிகைக்குள் நுழைய வேண்டும் என்பதே அவன் லட்சியம். பேசுகிற கார் ஒன்றை வைத்துக்கொண்டு பறந்து பறந்து அடிக்கிறான். அவனோடு மோதுகிற கிழவர் யார்? குருக்ஷேத்திரத்தில் சாபம் வாங்கி, சாகாமல் அலைகிற அசுவத்தாமன்! கடைசியில் ஒரு ரகசியம் உடைகிறது. பைரவன் வேறு யாருமல்ல, கர்ணனின் மறுபிறவியாம்! கொட்டகையில் விசில் பறக்கிறது.

கர்ணன் கதையை எல்லோரும் கூத்தில் பார்த்தவர்கள். வில்வித்தை அரங்கிலே அர்ச்சுனனுக்குச் சமமாக அம்பு விட்டவனைப் பார்த்து, "நீ எந்தக் குலம்?" என்று கேட்டார்கள். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்கு இவ்வளவு திறமை எங்கிருந்து வந்தது? அவன் கற்றான், உழைத்தான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கதை அப்படி விடவில்லை. அவன் உண்மையில் குந்தி பெற்ற பிள்ளை, ராஜ ரத்தம் என்று முடிச்சுப் போட்டுவிட்டது. 2898ஆம் ஆண்டுக்குப் போனாலும் இந்த ரத்தம் நம்மைத் துரத்துகிறது. காரெல்லாம் வானத்தில் பறக்கிறது, மூளை மட்டும் தரையைவிட்டு எழவில்லை!

இது ஒரு படத்தின் குற்றம் என்று எண்ண வேண்டாம். 2011இல் '7ஆம் அறிவு' வந்தது. அதிலே கதாநாயகன் சர்க்கஸ் தொழிலாளி. கம்பியில் தொங்கி, கூடாரத்தில் விழுந்து எழுந்து, உடம்பைப் பழக்கியவன். சீனத்திலிருந்து வந்த பகைவனை அவன் எதனால் ஜெயிக்கிறான்? சர்க்கஸ் கற்றுக்கொடுத்த வித்தையாலா? இல்லை! அவன் பல்லவ இளவரசர் போதிதர்மரின் வம்சமாம். மரபணுவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த குத்துவரிசையை விஞ்ஞானம் தட்டி எழுப்பிவிட்டதாம்!

மில்லில் வேலை செய்கிற தோழர்களைக் கேட்கிறோம். அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் பிணைக்கிற விரல் லாவகம் உங்கள் பிள்ளைக்குப் பிறவியிலே வந்ததா? உடம்பு கற்றது மரபணுவில் ஏறி அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் முதலிலிருந்து கற்க வேண்டும், யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். விஞ்ஞானம் சொல்வது இதுதான். வித்தை ரத்தத்தில் ஓடுகிறது என்பது மனுநீதி சொல்வது. பரிசோதனைச் சாலைக்குள் கொண்டுபோய் வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டால் அது விஞ்ஞானமாகிவிடுமா?

அந்த வாலிபருக்கு இது நன்றாகத் தெரியும். கம்பைக் கையில் வாங்குவதற்கு முன் எத்தனை நாள் வெறும் காலடி வைத்துப் பழகினார்! நெற்றி மட்டத்துக்கு நிற்கிற பிரம்பு முதல் வாரத்தில் யாரை அடிக்கும்? பழகுகிறவன் முழங்காலைத்தான் அடிக்கும். ஆசான் திட்டுவார், மறுபடி நிற்க வைப்பார். சிலம்பத்திலே ஒருவன் வீச வேண்டும், எதிரே ஒருவன் தடுக்க வேண்டும். தடுக்க ஆள் இல்லாவிட்டால் வீச்சும் பழக முடியாது. ஆக, சிலம்பமே இரண்டு பேரின் வேலை. அப்படிப்பட்ட கலையை எடுத்து, நூறு பேரைத் தனியொருவன் பந்தாடுகிற வேடிக்கையாகத் திரையில் மாற்றிவிட்டார்கள்.

சரி, நாலு போடு போடாமல் அக்கிரமம் தீருமா என்பதுதானே கேள்வி? கீழத்தஞ்சைக்குப் போவோம். தென்னூரிலிருந்து மன்னார்குடி சில மணி நேர பஸ் பிரயாணம். அங்கே பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. மறுபிறவியும் மரபணுவும் வந்தா அதை நிறுத்தின? கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்து இங்கே வந்து உழைத்த பி. சீனிவாசராவும், மணலி கந்தசாமியும், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சேரி மக்களும் சேரி சேரியாகச் சங்கம் கட்டினார்கள். அடித்தால் திருப்பி அடி என்று சொன்னார்கள், மறைக்கவில்லை. கம்பு சுற்றத் தெரிந்த கைகள் அங்கே குறைவா? ஆனால் திருப்பி அடித்தவன் தனியாக நின்றிருந்தால் அன்றிரவே ஆற்று மணலில் கிடந்திருப்பான். பின்னால் சங்கம் நின்றது. 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது என்று எழுத்தில் ஏறியது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இதற்குக் கொடுத்த விலை சினிமாவில் வராது. 1946 செப்டம்பர் 5 அன்று, தென்னூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற பொன்மலையில், ரயில்வே தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் மாண்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வெந்தார்கள். குண்டு வளைந்து போகவில்லை. அசுவத்தாமன் வந்து குறுக்கே நிற்கவுமில்லை.

இந்தப் படக்காரர்களைவிடப் புத்தியோடு யோசித்தவர் ஒருவர் காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். எழுத்தாளர் சுஜாதாவைச் சொல்கிறோம். நம் கட்சிக்காரர் அல்ல. பல விஷயங்களில் அவரோடு நமக்குச் சண்டை உண்டு. ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' நாவலிலே அவரும் ஒரு கொடுங்கோல் எதிர்காலத்தை எழுதினார். சர்க்கார் அனுமதி இல்லாமல் பிள்ளை பெற முடியாது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். அவனைக் கொல்லப் பார்த்தால் என்ன தெரிகிறது? அப்படி ஓர் ஆளே இல்லை, வெறும் ஒளியால் செய்த உருவம்! எந்தக் கர்ணன் வந்து எங்கே குத்துவான்? ஆட்சி என்பது ஓர் ஆளின் தாடை அல்ல, உடைப்பதற்கு, என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. ஆனால் விடிவுக்கு அவர் யாரைத் தேடினார்? ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை! நாய்க்குட்டி மிகவும் கெட்டிக்காரத்தனமானது, நாமும் ரசித்துப் படித்தோம். ஆனால் அங்கேயும் ஜனங்கள் கூட்டமாக நின்று கோஷம் போடுவதோடு சரி.

இன்னொரு சங்கதி. திரையில் கதாநாயகன் கையை வீசியதும் பத்து பேர் பறந்து விழுகிறார்களே, அவர்கள் யார்? சண்டைத் தொழிலாளிகள். அடி பொய்யாக இருக்கலாம், விழுவது மெய். 2024 ஜூலையில் சென்னை சாலிகிராமத்தில் ஒரு படத்தின் சண்டை ஒத்திகையில் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி மாண்டார். 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில் கார் பாய்ந்து உருளும் காட்சியை எடுக்கும்போது இன்னொருவர் மாண்டார். கதாநாயகனின் வீரம் என்று நாம் கைதட்டுவது பெரும்பாலும் இவர்கள் முதுகெலும்பின் மேல் நிற்கிறது. மறுபிறவி எடுத்து வர இவர்கள் ஒருவருக்கும் கதையில் இடமில்லை.

அந்த வாலிபர் அடுத்த கூட்டத்துக்கும் நாற்காலி அடுக்க வருவார். கம்பையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை கடைசி பஸ் போனால் போகட்டும், இருந்து பேசுவதாக இருக்கிறோம்.